ஒருசந்தி இருந்த என் குடல்

சோற்றைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளில், மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, கீரைக்கூட்டு, பருப்பு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, கடைசியாக இரண்டு கொய்யாப்பழம் என்று சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்றைக்கு நான் பட்டினி என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். வயது ஐம்பத்து நான்கு. டாக்டரை ஏமாற்ற நினைக்கவில்லை. உண்மையிலேயே நம்பினேன். அதுதான் இதில் கேவலம்.

இது நடந்தது போன வருடம், ஈஸ்டர் முடிந்த மூன்றாவது வாரம். நாங்கள் இருப்பது மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவாவில். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு. இருபத்தாறு வருடமாக ஒரே பாதை. எனக்குத் தெரியாத குழி அந்தப் பாதையில் இல்லை. என் உடம்புக்குள் இருந்த குழிதான் தெரியவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. லோரியில் ஏறுவதற்கு மூன்று படிதான். மூன்றாவது படியில் நின்று, யாரையோ தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்துவிட்டு அப்புறம் உட்காருவேன். யாரையும் தேடவில்லை, மூச்சைத்தான் தேடினேன். மனைவி இதைக் கவனித்துவிட்டாள். கிளினிக்குக்குப் போங்கள் என்று தினமும் பசியாறும்போது ஆரம்பித்துவிடுவாள். அவள் வாயை அடைக்க, கோவிட் காலத்தில் வாங்கிய அந்த விரல் கிளிப்பைத் தேடி எடுத்து மாட்டிக் காட்டினேன். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா. டேங்க் ஃபுல்லு."

"அப்பறம் ஏன் மூஞ்சி வெள்ளையா இருக்கு?"

"இத்தன வருஷம் கழிச்சி இப்பதான் வெள்ளையா ஆயிருக்கேன். அது ஒனக்குப் பொறுக்கல."

இப்படியே நாலு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஒருநாள் ஆலை வாசலில் எடைக்கு நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிரேக்கில் கால் இருந்ததால் பிழைத்தேன். எனக்கு முன்னால் நின்ற லோரியும் பிழைத்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பதிமூன்று இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. நான் விடாமல் கிளிப்பைப் பற்றிச் சொன்னேன். தொண்ணூற்றெட்டு டாக்டர், தினமும் பார்க்கிறேன் டாக்டர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தொழிலைக் கேட்டார். சொன்னேன்.

"ஒங்ககிட்ட இருக்கற லோரி எல்லாத்துலயும் லோடு ஃபுல்லாதான் இருக்கு. ஆனா நூறு லோரி ஓட வேண்டிய எடத்துல அம்பதுதான் ஓடுது. அந்த கிளிப்பு லோடத்தான் பாக்கும், லோரிய எண்ணாது," என்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ரத்தம் எங்கேயோ ஒழுகுகிறது, எங்கே என்று கண்டுபிடித்து அடைக்கிற வரைக்கும் லோரியைத் தொடக்கூடாது என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கெல்லாம் காத்திருந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் ரத்தம் குறைந்துவிடும். என் கையில் ஆயிரத்து நாற்பத்தேழு. பலகையில் ஆயிரத்துப் பன்னிரண்டு. சரி, முப்பத்தைந்து பேர்தானே என்று உட்கார்ந்தால், அடுத்து இரண்டாயிரத்து மூன்றைக் கூப்பிடுகிறார்கள். அதற்கடுத்து நாலாயிரத்து ஒன்று. எந்தத் தோட்டத்துக் கிராணி போட்ட கணக்கோ தெரியவில்லை. அதற்குள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரம்மாவிடம் என் மலம் என்ன நிறம் என்பதுவரை பேசி முடித்துவிட்டாள்.

ஸ்கேனில் தெரிந்தது இதுதான். பெருங்குடலின் வலதுபக்கம் சில ரத்தக் குழாய்கள் இருக்கவேண்டிய மாதிரி இல்லை. வீங்கி, முறுக்கிக்கொண்டு, சுவர் மெலிந்து, அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. கேமரா வைத்த குழாயைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, நேரில் பார்த்து, சூடு வைத்து அடைக்கவேண்டும். புற்றுநோய் மாதிரி தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதும் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். நான், பின்பக்கமாக என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அந்த டாக்டர் பெண் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கலாம். கையில் தடியாக ஒரு கோப்பு. இந்த மாதிரிக் குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். தனியாக ஒரு அறையில் உட்காரவைத்து, அவசரமே இல்லாமல் விளக்கினார்.

"அங்கிள், அந்தக் கொழாய்ங்கள சூடு வச்சி அடைக்கறதுக்கு முன்ன, அந்த எடத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு நாங்க அளக்கறோம். கேமரா போற வழியாவே மெல்லிசா ஒரு வயர் போவும். அதோட நுனியில வெளிச்சம் இருக்கும். அது பட்டுத் திரும்பி வர்ற நெறத்த வச்சிக் கணக்குப் பண்ணுவோம். வலிக்காது. ஒரு அஞ்சு நிமிஷம் கூட ஆவும். இதுல ஒங்களுக்கு நேரடியா நன்ம ஒண்ணும் இல்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், ஒங்க வைத்தியம் மாறாது. புரியுதா அங்கிள்?"

"புரியுது லா டாக்டர்."

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது, அது குடலில் இல்லை. யாராவது படித்தவர்கள் "புரியுதா" என்று கேட்டால் என் தலை தானாக ஆடிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தப் பெண் சொன்னதில் ஆக்சிஜன், வெளிச்சம், வலிக்காது, இந்த மூன்று வார்த்தைதான் எனக்குள் போனது. மீதியை நானே எழுதிக்கொண்டேன். குடலில் ஆக்சிஜன் பார்க்கிறார்கள். குறைவாக இருந்தால் மானம் போய்விடும். ஆகவே கூட்டவேண்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வாசலில் நாற்காலியைப் போட்டு மூச்சுப்பயிற்சி. ஆழமாக இழுத்து, வயிற்றுக்கு அனுப்பி, அங்கேயே பிடித்து வைத்து, மெதுவாக விடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டுநாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வேலியருகே வந்து, "அண்ணே, நெஞ்சு வலியா, காடி எடுக்கவா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் காரை எடுக்கவா என்கிறார்.

மனைவிதான் கேட்டாள். "மூக்கால இழுத்தா கொடலுக்கா போவும்?"

"எல்லாம் ஒரே பைப்புதான். நீ சும்மா இரு."

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, கிளம்பும் முன்னால் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். "குடல் சுத்தமா இருக்கணும் அங்கிள். அதான் ரொம்ப முக்கியம். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் வெளிச்சம் சரியாப் படாது, கேமராவுலயும் தெரியாது. மொத நாள் முழுக்க வெரதம் மாதிரி இருந்துருங்க. மருந்து எப்பக் குடிக்கணும், எல்லாம் இந்தப் பேப்பர்ல இருக்கு."

"ஒருசந்திதானே டாக்டர்?"

"ஆங்?"

"ஒருசந்தி. இப்பதான் தவக்காலம் முடிஞ்சிச்சி. நாப்பது நாளு இருந்தவன் நான். எனக்கு ஒருநாளுல்லாம் சும்மா தூசி."

அவர் சிரித்துக்கொண்டே, "ஆமா அங்கிள், அதேதான்," என்றார்.

வேதக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருசந்தி என்றால் எங்கள் வீடுகளில் உபவாசம். ஆனால் பேரிலேயே இருக்கிறபடி அதில் ஒரு வேளை உண்டு. காலையும் இரவும் ஏதோ கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு, அல்லது அதுவும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடலாம். கறி மீன் எல்லாம் தள்ளிச் சாப்பிடுவதற்குச் சுத்தபோசனம் என்று பேர். ஆக, குடல் சுத்தமாக இருக்கவேண்டும் என்றால் நான் என்ன செய்வேன்? சுத்தபோசனம் செய்வேன். ஒருசந்தி இருப்பேன். இரண்டையும் சேர்த்தே செய்துவிட்டேன்.

மனைவி அந்தப் பேப்பரைக் கேட்டாள். மலாயில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இரண்டையும் எனக்கு நன்றாகவே படிக்க வரும். படிக்கவில்லை. லோரி முதலாளி தௌக்கேயிடம் மருத்துவ விடுப்பைக் கொடுக்கப் போன நாளில் லோரிக்குள் வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த லோரியை இப்போது வேறு ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அதுல என்னா போட்ருக்கு?"

"ஒருசந்தி இருக்கணும். கொடல் சுத்தமா இருக்கணும். டாக்டரே வாயால சொன்னாங்க."

"ஆமாவா? கீரன்னா வயித்தச் சுத்தம் பண்ணும்ல. அதையே செய்றேன்."

அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு ஆள் முட்டாள் இல்லை, இரண்டு ஆள் என்று நான் சொல்லலாம். ஆனால் அவள் இதைப் படிப்பாள். ஆகவே ஒரு ஆள்தான்.

காலையில் வெறும் தே ஓ, பால் இல்லாத தேநீர். மத்தியானம் முன்னே சொன்ன விருந்து. அதற்குப் பிறகு ஒன்றும் தொடவில்லை. சாயங்காலம், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மருந்துப் பொடியை, உறைமேல் எழுதியிருந்த நேரப்படி தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். உப்புத் தண்ணீரில் ஆரஞ்சுப்பழம் செத்துக் கிடந்த மாதிரி ஒரு ருசி. விடியற்காலையில் மறுபடியும் குடித்தேன். எத்தனை தடவை ஓடினேன் என்று கேட்காதீர்கள். உள்ளே இனி குடலே இல்லை, எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

காடியை மனைவிதான் ஓட்டினாள். தூக்க மருந்து கொடுப்பார்களாம், நான் ஓட்டக்கூடாதாம். இருபத்தாறு வருடம் லோரி ஓட்டியவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சமிக்ஞை விளக்குக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். புஞ்சாக் ஆலாம் தாண்டுவதற்குள் வலதுகால் மரத்துவிட்டது.

அந்த அறையில் இடதுபக்கமாகப் படுக்கவைத்து, பின்பக்கம் திறந்த ஒரு பச்சைச் சட்டையைப் போர்த்தி, ஊசி போட்டார்கள். தூங்கிவிடுவேன் என்றார்கள், தூங்கவில்லை. பாதி மயக்கம், பாதி விழிப்பு. எதிரே திரை. பெரிய டாக்டர் மலாய்க்காரர், அமைதியான மனிதர். ஒரு ஓரமாக அந்த டாக்டர் பெண், அவருடைய வெளிச்ச இயந்திரத்தோடு நின்றார். திரையில் முதலில் இளஞ்சிவப்பாக ஒரு குகை தெரிந்தது. பரவாயில்லையே, நாம் உள்ளே அழகாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்தேன். கொஞ்சம் தூரம் போனதும் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் போனால், இன்னும் பச்சை. அதற்கு நடுவில் மணிமணியாகக் கொய்யா விதை. தண்ணீர் பீய்ச்சினார், உறிஞ்சினார். உறிஞ்சுகிற குழாயை விதை அடைத்துக்கொண்டது. மறுபடியும் பீய்ச்சினார்.

"பாக்சிக், இனி சாயூர் அப்பா?" என்று கேட்டார் பெரிய டாக்டர். இது என்ன கீரை மாமா என்று கேட்கிறார்.

பாதி மயக்கத்திலும் பதில் சொல்லும் நல்ல பழக்கம் எனக்கு உண்டு. "பாயாம், டாக்டர். பாயாம் ஹிஜாவ்." தண்டுக்கீரை, அதுவும் பச்சை வகை.

அறையில் யாரோ ஒரு மிஸ்ஸி, நர்ஸம்மா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. அந்த டாக்டர் பெண் மட்டும் சிரிக்கவில்லை. வலதுபக்கம் போகவே முடியவில்லை. போனாலும் ஒன்றும் தெரியாது. குழாயை வெளியே எடுத்துவிட்டார்கள். அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து.

மயக்கம் தெளிந்து படுத்திருந்தபோது அவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது முகம்.

"அங்கிள், நேத்து என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். மத்தியானம் மட்டுந்தான்."

"மத்தியானம் என்ன?"

சொன்னேன். வரிசையாகச் சொன்னேன். கொய்யாவில் வந்து நின்றேன்.

"ஒண்ணும் சாப்டக் கூடாதுன்னு சொன்னனே அங்கிள். தெளிஞ்ச தண்ணி மட்டுந்தான்னு பேப்பர்லகூட இருக்கே."

"ஒருசந்தின்னேன். நீங்க ஆமான்னீங்க."

அவர் குரலை இறக்கிக் கேட்டார். "அங்கிள், ஒருசந்தின்னா என்ன?"

சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அது வேதக்காரர்கள் விரதத்துக்குச் சொல்லும் வேறு வார்த்தை. அவர் வீட்டில் விரதம் என்றால் அவர் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். அவருக்குத் தெரியாததை அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததை நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டோம். நடுவில் என் குடல் மாட்டிக்கொண்டது.

அடுத்த ஐந்து வாரம் என்னைப்போல் எரிச்சல் பிடித்த மனிதன் இந்த மாநிலத்திலேயே இருந்திருக்க மாட்டான். லோரி இல்லை. வேலை இல்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டு வயிறு கல்லாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் ஒவ்வொருவராக வந்து விசாரிக்கிறார்கள். மனைவி ஒருத்தியிடம் சொன்ன விஷயம், பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. "என்னாண்ணே, கொடல்ல கீர போட்ருக்கீங்களாமே, ஒரு கட்டு கெடைக்குமா?" என்று கேட்கிறான், என்னிடம் லோரி பழகியவன். இதே மாதிரி நான் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். கேட்கும்போது இனிப்பாக இருக்கும். கேட்டுக்கொள்ளும்போதுதான் ருசி தெரியும்.

நாலாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது. குளியலறையிலிருந்து வெளியே வந்தவன் சுவரைப் பிடிக்கப் போனேன். சுவர் இருந்த இடத்தில் இல்லை. கண்ணைத் திறந்தபோது சமையலறைத் தரையில் கிடக்கிறேன், என் தலை மனைவி மடியில். முந்தினநாளிலிருந்தே மலம் கறுப்பாகப் போயிருந்தது. மாத்திரையால்தான் என்று நானே முடிவுகட்டி, அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். இருபத்தெட்டு வருடமாக என்னைத் திட்டிக்கொண்டே இருந்தவள், அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை மட்டும் பார்த்து ஓட்டினாள். நான் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முதலில் இரண்டு பை ஏற்றியும், ஏழாக இருந்தது ஐந்தே முக்காலுக்கு வந்திருந்தது.

மறுபடியும் ரத்தம் ஏற்றினார்கள். வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நாள் முன்னுக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் அந்த டாக்டர் பெண் வந்தார்.

"அங்கிள், ஒங்களுக்கு இப்ப ரொம்ப முடியாம இருக்கு. ஆராய்ச்சி வேணாம்னா சொல்லிருங்க, பேர எடுத்துர்றேன். எதும் நெனச்சுக்க மாட்டேன். அடைக்கறத எப்படியும் அடச்சிருவாங்க."

வழக்கமாக என் தலை அங்கேயே ஆடியிருக்கும். இந்தத் தடவை கழுத்தில் அதற்குக்கூடத் தெம்பு இல்லை. அதனால்தானோ என்னவோ, வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"டாக்டர், அன்னிக்கி நீங்க சொன்னது ஒண்ணுமே எனக்குப் புரியல. சும்மாத்தான் தலையாட்டுனேன். கொடல்ல எதுக்கு ஆக்சிஜன பாக்குறீங்க?"

அவர் கோப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இந்தக் குழாய்கள் ஏன் இப்படி ஆகின்றன என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். வயது ஒரு காரணம் என்கிறார்கள். இன்னொரு சந்தேகம், அந்த இடத்துச் சுவருக்கு ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராததால், உடம்பே அவசரத்துக்குப் புதிதாகக் குழாய்களைத் திறந்துவிடுகிறதோ என்று. அவசரத்துக்குத் திறந்தது பலமாக இருக்காது, கசிந்துவிடும்.

"அது சரியான சந்தேகமான்னு தெரியாது அங்கிள். அதான் அளக்கறோம். நல்லா இருக்கற எடத்துல ஒண்ணு, அந்தக் கொழாய் கிட்ட ஒண்ணு."

"தோட்டத்துலயும் அப்டிதான் டாக்டர். மெயின் ரோடு ஒடஞ்சிருச்சின்னா லோரிக்காரன்லாம் செம்பன மரத்துக்கு நடுவுல பத்துப் பாத போட்ருவான். மழ பேஞ்சா பத்தும் சேறாயிரும். அந்தப் பத்தையும் மூடிப் பிரயோஜனம் இல்ல, மெயின் ரோட்ட போய்ப் பாக்கணும்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "மெயின் ரோடு ஒடஞ்சிருக்கான்னுதான் அங்கிள் போய்ப் பாக்கறோம். சில சமயம் ரோடு நல்லாவே இருக்கலாம். அப்ப எங்க சந்தேகமே தப்பு." அதோடு, "சூடு வச்ச பெறகு அளக்க முடியாது. ஒரு ஆளுக்கு அந்த அஞ்சு நிமிஷந்தான்," என்றார்.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நான் கீரை போட்டு மூடியிருக்கிறேன். அதுவரை என் ரத்தத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. எடுக்க வேண்டாம் டாக்டர், என் பேர் இருக்கட்டும் என்றேன்.

இந்தத் தடவை மருந்துப் பொடியை மிஸ்ஸி கண்முன்னால் நின்று குடிக்கவைத்தார். ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆள் மாறிவிட்டேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பார்லி தண்ணீர் குடிக்கலாமா? வடிகட்டினதா, வடிகட்டாததா? தே ஓ கறுப்பாக இருக்கிறதே, அது தெளிவா, கலங்கலா? இளநீர் சரி, வழுக்கை? சிவப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம் என்கிறீர்களே, சிவப்பு எப்போதிலிருந்து குற்றம்? சிவப்புப் பானம் குடலில் ரத்தம் மாதிரியே தெரியும் என்று மிஸ்ஸி சொன்னார். பதினோராவது கேள்விக்கு அவரும் பெருமூச்சு விட்டுவிட்டு, "பாக்சிக், தண்ணியே குடிங்க, வெறும் தண்ணி," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி என் கட்டிலுக்குப் பக்கத்தில் காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் பாசத்தோடு நீட்டிய ரொட்டியைக்கூட அவள்தான் வாங்கித் தின்றாள்.

மறுநாள் காலை அதே அறை, அதே திரை. ஆனால் குகை முழுக்கச் சுத்தம். கழுவி விட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. வலதுபக்கம் திரும்பியதும் பெரிய டாக்டர் நிறுத்தினார். அங்கே இருந்தது. சிவப்பு மையைச் சொட்டுவிட்டு ஊதினால் நாலாபக்கமும் நெளிந்து ஓடுமே, அந்த மாதிரி. ஒரு வெள்ளி நாணயத்து அளவுகூட இருக்காது. என்னைத் தரையில் சாய்த்தது இந்தப் பொடியன்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெல்லிய வயர் நீண்டு போனது. முதலில் நல்ல இடத்தில். அப்புறம் அதன் பக்கத்தில். குடல் சும்மா இருக்காது, நெளிந்துகொண்டே இருக்கும். நான் மூச்சை இழுத்தால் அதுவும் இழுக்கிறது. வயர் விலகிவிடுகிறது. "அங்கிள், நான் சொல்றப்ப மூச்சப் பிடிங்க, பேசாதீங்க," என்றார் டாக்டர் பெண். பிடித்தேன். விட்டேன். மறுபடியும் பிடித்தேன். நான் அத்தனை நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்தது என் ஞானஸ்நானத்துக்குப் பிறகு அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அதிலும் நான் அழுதிருப்பேன். ஒருமுறை வயர் வழுக்கியது, அவர் "பரவால்ல, இன்னொரு தடவ," என்றார். என் ஐந்து நிமிடம் அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்தக் குரலில் தெரிந்தது. கடைசியில் "கெடச்சிருச்சி," என்றார். அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர் சூடு வைக்கும் குழாயை அனுப்பினார். நுனியில் ஒரு சின்ன நீலப் பொறி. சிவப்பு வெளுத்தது. இன்னும் இரண்டு இடம் இருந்தது, அவற்றையும் அப்படியே அளந்து அடைத்தார்கள்.

அளவு என்ன, குறைவா, கூடவா, மெயின் ரோடு உடைந்திருந்ததா என்று அப்புறம் கேட்டேன். ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது அங்கிள் என்றார். இன்னும் நிறையப் பேரிடம் அளக்க வேண்டுமாம், வருடக்கணக்கில் ஆகுமாம், ஒன்றும் இல்லை என்றுகூட முடியலாமாம். இவ்வளவு பாடுபட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்று வந்தால் கோபம் வராதா என்று கேட்டேன். "வரும்," என்றார் சாதாரணமாக. "ஆனா அதுவும் பதில்தான்."

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு. லோரியைத் தொடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று படியும் ஒரே மூச்சில் ஏறினேன். புதுசாக வேறு இடத்தில் கசியலாம், கவனமாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் மலம் கறுத்தால் இப்போது நானே போய் மனைவியிடம் சொல்லிவிடுகிறேன். பசியாறும் நேரமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எதிரே இருப்பவர் புரியுதா என்று கேட்டால், ஆடப்போகிற தலையை நிறுத்தி, புரியவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் இது வண்டி ஓட்டப் பழகியதைவிடச் சிரமமாக இருக்கிறது. ஆனால் என் வெட்கத்துக்கு இன்னொருத்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து விலை கொடுக்கக்கூடாது.

அந்தப் பரிசோதனை நாளில் டாக்டர் பெண் இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை என் கையில் கொடுத்தார். நோயாளிகளுக்கான குறிப்பைத் தமிழிலும் எழுதியிருக்கிறாராம், அச்சடிக்கும் முன் நான் படித்துப் பார்க்கவேண்டுமாம். எனக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், எவ்வளவோ படித்தவர்கள் இருக்க, ஒரு லோரிக்காரனைத் தேடிக் கொடுக்கிறாரே, நம் பேச்சுத் திறமை பிடித்திருக்கும் போல என்று நினைத்து, ஏன் டாக்டர் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வாயைவிட்டுக் கேட்டும் விட்டேன்.

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "ஒங்களுக்குப் புரிஞ்சிருச்சின்னா எல்லாருக்கும் புரியும் அங்கிள்."